அவுட்காஸ்ட்டின் இரண்டாவது ஆல்பம் ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசுகிறது?

1995 ஆகஸ்ட் 3 அன்று இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் இருந்த பாரமவுண்ட் அரங்கில் 'தி சோர்ஸ்' என்ற ஹிப்ஹாப் பத்திரிகை தன் விருது விழாவை நடத்தியது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை ராப்பர்களும் மேற்குக் கடற்கரை ராப்பர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நியூயார்க் பெரியதா, லாஸ் ஏஞ்சலிஸ் பெரியதா என்பதைத் தவிர வேறு எதிலும் அரங்கத்துக்கு அக்கறை இல்லை. அந்த நேரத்தில், சிறந்த புதிய ராப் குழுவுக்கான விருது இரண்டு பக்கத்தையும் சேராத, அமெரிக்கத் தெற்கின் அட்லான்டா நகரத்து அவுட்காஸ்ட் குழுவுக்கு என்று அறிவிக்கப்பட்டதும் கூட்டம் ஊளையிட்டது. மேடையேறிய இருவருக்கும் இருபது வயது. முதலில் பேசிய பிக் பாய் மரியாதையாகச் சில வார்த்தைகள் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அடுத்துப் பேசிய ஆந்த்ரே, மனத்தை மூடி வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்துச் சலித்துவிட்டது என்றும், தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றும், தான் சொல்ல வந்தது அவ்வளவுதான் என்றும் சுருக்கமாக முடித்துவிட்டு இறங்கினார்.

ஓராண்டு கழித்து, 1996 ஆகஸ்ட் 27 அன்று, அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'ஏடிஎலியன்ஸ்' வெளிவந்தது. முந்தைய ஆண்டு நடந்ததை அறிந்தவர்கள் அதில் ஒரு பழிதீர்ப்பை எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. ராப் இசையில் அவமானத்துக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு மரபு உண்டு: குரலை உயர்த்துவது, பெயர் சொல்லித் திட்டுவது, பீட்டை, அதாவது குரலுக்கு அடியில் ஓடும் தாள இசையை, இன்னும் கனமாக்குவது. இந்த ஆல்பம் அவற்றில் எதையும் செய்யவில்லை. முதல் ஆல்பத்தைவிட மெதுவானது, கருவிகள் குறைவு, எதிரொலி அதிகம், பாடுபவர்கள் பல இடங்களில் தமக்குத் தாமே பேசிக்கொள்வதுபோல் ஒலிக்கிறார்கள். வெற்றி பெற்ற முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஒரு ஜோடி இப்படிப் பின்வாங்கி ஒலிப்பது தற்செயலாக நடந்ததில்லை. அதற்குச் சூழலும், தொழில்நுட்பமும், இருவரின் சொந்த வாழ்க்கையும் சேர்ந்து காரணமாயின. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இரண்டாவது ஆல்பம் எல்லா இசைக்கலைஞர்களுக்கும் சிக்கல்தான் என்றாலும், ராப்பர்களுக்கு அதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. ராப்பின் கச்சாப் பொருள் பாடுபவரின் சொந்த வாழ்க்கை. முதல் ஆல்பம் வெற்றி பெற்றால் அந்த வாழ்க்கையே மாறிவிடுகிறது. பழைய தெருவைப் பற்றிப் பாடினால் நடிப்பாகிறது, புதிய வசதியைப் பற்றிப் பாடினால் தலைக்கனமாகிறது. அதே பாணியில் செய்தால் அரைத்த மாவையே அரைக்கிறான் என்பார்கள், மாற்றினால் ஆளே மாறிவிட்டான் என்பார்கள். இருவர் குழுவாக இருந்தால் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்ளும். பதினெட்டு வயதில் இருவருக்கும் பொதுவாக இருந்த அனுபவம் முதல் ஆல்பத்திலேயே செலவாகிவிடும். இருபத்தொரு வயதில் இருவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

முன்னால் வந்த ஜோடிகள் இதைச் சமாளித்த விதம் பலவகை. எரிக் பி., ராக்கிம் இருவரும் 1987-இல் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தைத் தந்துவிட்டு, அடுத்த ஆண்டே 'ஃபாலோ த லீடர்' ஆல்பத்தில் வேகத்தையும் சொற்களின் நெருக்கத்தையும் கூட்டினார்கள். ஈபிஎம்டி ஜோடி 1988-இல் தொடங்கிய அதே சாவகாசமான ஃபங்க் பாணியை 1989-லும் ஏறத்தாழ அப்படியே தொடர்ந்து, அதிலும் வென்றது. ஆனால் அவுட்காஸ்ட்டுக்குப் பாடமாக இருந்திருக்கக்கூடிய உதாரணங்கள் நியூயார்க்கில் இல்லை, அவர்கள் ஊரிலேயே இருந்தன. அட்லான்டாவிலிருந்து வந்த கிறிஸ் கிராஸ் என்ற சிறுவர் ஜோடி 1992-இல் 'ஜம்ப்' என்ற ஒரே பாட்டால் எட்டு வாரம் அமெரிக்கத் தரவரிசையின் உச்சியில் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்தில் முரட்டுத் தோற்றம் காட்ட முயன்று, முதல் ஆல்பத்தின் உயரத்தைத் தொட முடியாமல் போனது. அதே ஊரின் அரெஸ்டட் டெவலப்மென்ட் குழுவின் கதை இன்னும் மோசம். 1992-இல் வந்த முதல் ஆல்பம் பல லட்சம் பிரதிகள் விற்று, சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதையும் வாங்கித் தந்தது. 1994-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தைச் சீந்துவாரில்லை. 1996-இல் குழுவே கலைந்தது. வெளியூரில் பலர் கருதியதுபோல், அட்லான்டா ராப் என்றால் ஒருமுறை மின்னி மறைவது என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு சறுக்கல்களும் வலுச்சேர்த்தன.

ஆந்த்ரே பெஞ்சமினும், பிக் பாய் என்று அழைக்கப்படும் அன்ட்வான் பேட்டனும் அட்லான்டாவை ஒட்டிய ஈஸ்ட் பாயின்ட் நகரின் டிரை-சிட்டீஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். குழுவுக்கு முதலில் யோசித்த பெயர்களை வேறு யாரோ வைத்திருந்ததால், எங்கும் பொருந்தாதவர் என்ற பொருள் தரும் சொல்லுக்கு அகராதியில் மாற்றுத் தேடி, ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளுள்ள சொல்லைப் பிடித்து, எழுத்தைச் சற்று மாற்றிக்கொண்டார்கள். ஹெட்லேண்ட் சாலையும் டிலோ சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு அழகுசாதனப் பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரிக்கோ வேட் முன்னால், இருவரும் பாடிக் காட்டினார்கள். ரிக்கோ வேட், ரே மர்ரே, ஸ்லீப்பி பிரவுன் மூவரும் சேர்ந்ததுதான் ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற இசைத் தயாரிப்புக் குழு. வேட்டின் தாயார் வீட்டின் அடித்தளம் அவர்களுக்கு ஸ்டுடியோ. பூசப்படாத செம்மண் தரை, இடிந்த படிக்கட்டு, அதில் வரிசையாக உட்கார்ந்து நோட்டில் எழுதும் பையன்கள் என்று இருந்த அந்த இடத்துக்கு 'டஞ்சன்', அதாவது நிலவறைச் சிறை, என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் பொருத்தமானதே.

1994 ஏப்ரலில் லஃபேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பெயர் 'சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக்'. (இதைத் தட்டச்சு செய்வதற்கே ஒரு மூச்சு பிடிக்க வேண்டியிருப்பதால் இனி முதல் ஆல்பம் என்றே சொல்கிறேன்.) முழுக்க ஆர்கனைஸ்டு நாய்ஸ் தயாரித்த அந்த ஆல்பத்தில் நேரடியாக வாசிக்கப்பட்ட கிட்டார், பேஸ், ஆர்கன் ஆகியவை எழுபதுகளின் சோல் இசையை நினைவூட்டும்படி ததும்பின. காடிலாக் கார், தெருமுனை, வெயில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் முடிக்காமலும் சுற்றும் பையன்களின் மிடுக்கும் பயமும் அதன் உலகம். அதிலிருந்து முதலில் தனியாக வெளிவந்த 'பிளேயர்ஸ் பால்' என்ற பாட்டு, லஃபேஸின் 1993 கிறிஸ்துமஸ் தொகுப்புக்காக எழுதப்பட்டது என்பது வேடிக்கை. பண்டிகைப் பாட்டு கேட்ட நிறுவனத்திடம், எங்கள் தெருவில் கிறிஸ்துமஸும் இன்னொரு நாள்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது ராப் தரவரிசையில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனாலும், நியூயார்க்கில் ஊளையிட்டவர்களின் காதில், அது நல்ல இசைக்கு மேல் பேசும் இரண்டு தெற்கத்திப் பையன்களின் ஆல்பமாகவே இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதல் ஆல்பத்தின் ஒலி அவுட்காஸ்ட்டின் ஒலி என்று எல்லோரும் சொன்னாலும், உண்மையில் அது ஆர்கனைஸ்டு நாய்ஸின் ஒலி. அதே மூவர் 1995-இல் குடி மாப் குழுவின் 'சோல் ஃபுட்' ஆல்பத்தைத் தயாரித்தார்கள்; டிஎல்சி குழுவின் 'வாட்டர்ஃபால்ஸ்' பாட்டும் அவர்கள் செய்ததே, அது ஏழு வாரம் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு. அதாவது 1995 முடிவதற்குள், முதல் ஆல்பத்தில் புதுமையாகத் தெரிந்த அந்த இசை, ஊரெல்லாம் கேட்கும் இசையாகிவிட்டது. அதையே மறுபடி செய்தால், தங்கள் வீட்டுச் சமையலையே கடையில் வாங்கிச் சாப்பிட்டதுபோல் ஆகியிருக்கும்.

முதல் ஆல்பத்தில் வந்த பணத்தில் இருவரும் டிரம் மெஷின், ஒலித்துண்டுகளை எடுத்துத் திரும்ப இசைக்கும் சாம்பிளர், மிக்ஸிங் போர்டு, டர்ன்டேபிள் ஆகியவற்றை வாங்கினார்கள். ராப் உலகில் இது சின்னச் செய்திபோல் தெரியும், ஆனால் விளைவு பெரியது. ராப் பாட்டின் எழுத்துரிமையில் பெரும்பாலும் பாதி வரிகளை எழுதியவருக்கும் பாதி பீட்டைச் செய்தவருக்கும் போகிறது. பீட்டை வெளியிலிருந்து வாங்கும் ராப்பர் எவ்வளவு புகழ்பெற்றாலும் தன் பாட்டில் பாதிப் பங்காளிதான். அதைவிட முக்கியமான விஷயம், அவர் இன்னொருவர் கட்டிய வீட்டில் குடியிருப்பவர். எந்த அறை எங்கே இருக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாது. கிறிஸ் கிராஸ் சிறுவர்களுக்கு நேர்ந்ததில் இதுவும் ஒரு பகுதி: வரியும் இசையும் தயாரிப்பாளருடையவை, இவர்களுடையவை முகமும் குரலும் மட்டும். அவுட்காஸ்ட் இதற்கு நேரெதிரான வழியில் போனது. 'ஏடிஎலியன்ஸ்' ஆல்பத்தின் பதினைந்து தடங்களில் ஐந்தை அவர்களே தயாரித்தார்கள். மற்றவை ஆர்கனைஸ்டு நாய்ஸுடையவை. முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடப்படும் பாட்டாக, வந்த 'எலிவேட்டர்ஸ்', இரண்டாவது சிங்கிளாக வந்த தலைப்புப் பாட்டு இரண்டுமே அந்த ஐந்தில் சேர்ந்தவை. கற்றுக்கொடுத்தவர்களோடு சண்டை போட்டு வெளியேறாமல், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே தனிக்கடை போட்டது அவர்கள் சாமர்த்தியம்.

கற்றுக்குட்டிகள் செய்த பீட் என்பதே ஆல்பத்தின் மெலிந்த ஒலிக்கு முதல் காரணம் என்பது என் கணிப்பு. ஆர்கனைஸ்டு நாய்ஸின் வசம் நல்ல வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். இருபத்தொரு வயது இளைஞர்கள் இருவரிடம் ஒரு மெஷினும் நிறைய நேரமும் இருந்தன. 'எலிவேட்டர்ஸ்' பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஒரு பேஸ் வரி, சில சுரங்கள் மட்டும், அடித்தொண்டையில் முனகுவதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மேல் உலர்ந்த ஒரு தட்டல். அதன் எதிரொலி ஒரு காலி மண்டபத்தில் உருண்டு போய் மறைகிறது. இடையில் ஏதோ ஒரு ஒலி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். முதல் ஆல்பத்தில் கிட்டார் நிரப்பிய இடமெல்லாம் இங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, அந்த வெறுமையில் குரல் எங்கே விழுகிறது என்பது துல்லியமாகக் கேட்கிறது. ஜமைக்காவின் டப் இசையில் எதிரொலியையே ஒரு வாத்தியமாகப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. அந்தச் சாயல் இந்த ஆல்பம் முழுக்கத் தெரிகிறது. ஆல்பத்தின் பிற்பகுதியில் இந்த முறையைத் தொலைதூரத்துக்குக் கொண்டுபோனார்கள்: 'ஈ.டி.' என்ற பாட்டில் டிரம்மே கிடையாது. 1996-இல் ஒரு ராப் ஆல்பத்தில் டிரம் இல்லாமல் ஒரு முழுப் பாட்டை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 2021-இல் இந்த ஆல்பத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பில் குரலில்லாத இசைத்தடங்களும் வெளியிடப்பட்டன. அவற்றைக் கேட்டால் எத்தனை குறைந்த பொருளை வைத்து இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்பது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

'எலிவேட்டர்ஸ்' இரண்டாவது ஆல்பத்தின் சிக்கலையே பாடுபொருளாக எடுத்துக்கொண்ட பாட்டும்கூட. ஆந்த்ரேயின் முதல் சரணம் அந்த ஹெட்லேண்ட்–டிலோ சந்திப்பில் தொடங்குகிறது. மார்ட்டா எனப்படும் நகரப் போக்குவரத்தில் ஏறி, யாராவது வாய்ப்புத் தருவார்களா என்று நண்பனோடு அலைந்த நாட்களை அது சொல்கிறது. படுத்துக்கொண்டு கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக் கிடந்ததைச் சொல்கிறது. கடைசிச் சரணத்தில் காலம் நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. மால் ஒன்றில் ஒருவன் ஆந்த்ரேயை நிறுத்துகிறான். ஒன்றாகப் பள்ளியில் படித்தோம் என்கிறான். இவனுக்கு அவனைத் தெரியவில்லை. இப்போது பெரிய பணக்காரனாகியிருப்பாயே என்ற தொனியில் அவன் பேச, ஆந்த்ரே தரும் பதிலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை: நீ சம்பளத்துக்குச் சம்பளம் பிழைப்பதுபோல் நான் பீட்டை நம்பிப் பிழைக்கிறேன்; என் பாட்டு உங்கள் கால்களை ஆட வைக்காவிட்டால் எனக்குச் சோறில்லை; ஆக நாம் இருவரும் ஒரே நிலைதான். புகழ் வந்தபின் பழைய ஊரோடு உறவு என்ன ஆகிறது என்பதைப் பற்றி எத்தனையோ ராப் பாட்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, பொறாமைப்படுகிறவர்களைச் சாடும். இந்தப் பாட்டு அந்த அந்நியனைச் சாடாமல் கணக்கு மட்டும் காட்டுகிறது. அந்தக் கணக்கு அவனைவிட நமக்குத்தான் உறைக்கிறது.

ஆல்பத்தின் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு அடுக்கு திறக்கும். ஏடிஎல் என்பது அட்லான்டா விமான நிலையத்தின் குறியீடு, ஊரின் செல்லப்பெயரும்கூட. அதோடு எலியன் சேர்ந்தால் அட்லான்டாவின் வேற்றுக்கிரகவாசிகள். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் எலியன் என்ற சொல்லுக்கு வெளிநாட்டவர் என்ற பொருள் உண்டு. நியூயார்க் அரங்கத்தில் இவர்கள் நடத்தப்பட்டதும் அப்படித்தான். ஊளையிட்டவர்களிடம் நாங்களும் உங்களில் ஒருவர் என்று வாதாடியிருக்கலாம், அல்லது நாங்கள் உங்களைவிட மேல் என்று மார்தட்டியிருக்கலாம். நாங்கள் இந்தக் கிரகத்தைச் சேர்ந்தவர்களே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த வழக்கே முடிந்துபோகிறது. ஆல்பத்தின் கையேட்டில் 24 பக்கச் சித்திரக்கதை ஒன்றை அச்சிட்டு, இருவரையும் அதன் நாயகர்களாக்கினார்கள். கறுப்பினக் கலைஞர்கள் விண்வெளியைத் தங்கள் ஊராகச் சொல்லிக்கொள்வது அதற்கு முன்பே இருந்த வழக்கம். அலபாமாவில் பிறந்த ஜாஸ் மேதை சன் ரா, தான் சனிக்கிரகத்திலிருந்து வந்தவர் என்றே வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஜார்ஜ் கிளின்டன் 1975-இல் பார்லிமென்ட் குழுவின் ஆல்பத்தில் விண்கப்பலை இறக்கினார். கிளின்டனின் விண்கப்பல் கொண்டாட்டத்துக்காக இறங்கியது. அவுட்காஸ்ட்டின் விண்வெளியில் கொண்டாட்டம் குறைவு, தனிமை அதிகம். முன்னோடிகளிடமிருந்து இவர்கள் பிரியும் இடம் அதுதான்.

அந்தத் தனிமை வெறும் கற்பனையாக வந்ததும் இல்லை. இரண்டு ஆல்பங்களுக்கு இடையில் ஆந்த்ரே மதுவையும் கஞ்சாவையும் விட்டார், இறைச்சியையும் விட்டார், தலையில் தலைப்பாகை கட்டத் தொடங்கினார். பிக் பாய் தந்தையானார். ஒருவர் உள்முகமாகத் திரும்ப, இன்னொருவர் குடும்பப் பொறுப்புக்குள் நுழைந்தார். முதல் ஆல்பத்தில் இரு குரல்களையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில இடங்களில் யார் பாடுகிறார் என்று குழம்பலாம். இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

தலைப்புப் பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். முதலில் வருபவர் பிக் பாய். எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்து, ஒவ்வோர் அசையையும் பீட்டின் மேல் ஆணி அடிப்பதுபோல் இறக்கி, தன் ஊரையும் தன் திறமையையும் பற்றிச் சவடாலாகத் தொடங்குகிறார். அவர் முடித்ததும் ஆந்த்ரே வருகிறார். இருட்டில் பியானோ வாசிப்பவனைப் போல மெல்ல, என்று தன் வருகையைத் தானே வருணித்துக்கொண்டு வருகிறார். பீட்டுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துப் பாடுகிறார். கோபத்தை வேறு தடத்தில் திருப்பிவிட ஒரு வழி கண்டுகொண்டேன் என்கிறார். சமிக்ஞை தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போதையும் மதுவும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன் என்கிறார். துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டேன், அதைவிட வலிய ஆயுதம் கிடைத்திருக்கிறது என்கிறார். நியூயார்க் இரவுக்கு இந்த ஆல்பத்தில் நேரடிப் பதில் என்று ஒன்று இருந்தால் அது இந்தச் சில வரிகள்தான். அங்கேயும் ஊர்ப்பெயர் இல்லை, எதிரியின் பெயர் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆந்த்ரே போதனை செய்வதுபோல் தொனிக்காமல் இருப்பதற்குக் காரணம், அவருக்கு முன்னால் பிக் பாய் அந்தச் சவடாலை அடித்திருப்பதுதான். சவடால் மட்டும் இருந்தால் முதல் ஆல்பத்தின் தொடர்ச்சியாகியிருக்கும். தவம் மட்டும் இருந்தால் அறிவுரை நாடாவாகியிருக்கும். இருவரும் ஒத்துப்போகாத புள்ளியில்தான் இந்தப் பாட்டு நிற்கிறது. இது பிக் பாயின் பங்கைக் குறைத்து மதிப்பிடும் பலருக்கும் சொல்லவேண்டிய விஷயம். விமர்சகர்கள் ஆந்த்ரேயின் தலைப்பாகையைப் பற்றி எழுதிய அளவு பிக் பாயின் தாளக்கட்டைப் பற்றி எழுதியதில்லை.

ஊரின் நிலையும் ஆல்பத்துக்குள் நிழலாக வருகிறது. 1996 ஜூலை 19 முதல் ஆகஸ்ட் 4 வரை அட்லான்டாவில் ஒலிம்பிக் நடந்தது. விருந்தாளிகள் வருவதற்காக நகரம் முகம் கழுவிக்கொண்டது. அமெரிக்காவின் முதல் அரசுக் குடியிருப்புத் திட்டங்களில் ஒன்றான டெக்வுட் ஹோம்ஸ் அதற்கு முன்பே இடிக்கப்பட்டது. உலகத்தின் கேமராக்கள் கிளம்பிப்போன மூன்றே வாரத்தில் 'ஏடிஎலியன்ஸ்' கடைக்கு வந்தது. அதில் ஒலிம்பிக்கின் அட்லான்டா இல்லை. டிகேட்டர், ஈஸ்ட் பாயின்ட், சாலைச் சந்திப்புகள், பேருந்து, தெருவுக்கு ஏற்ற காடிலாக் ஆகியவை இருக்கின்றன. வேற்றுக்கிரகவாசி என்ற முகமூடியை மாட்டிக்கொண்டு இவ்வளவு உள்ளூர்த்தனமாகப் பாடியதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுப்பகுதியைத் தாண்டியதும் ஒரே கதியில் போகும் பாட்டுகள் அடுத்தடுத்து வந்து சற்றுத் தொய்வு ஏற்படுகிறது. 'வெய்லின்' என்ற பாட்டை எடுத்துவிட்டால் ஆல்பம் எதையும் இழக்காது. 'ஜாஸி பெல்' பாட்டு இசையாக அழகானது, ஆனால் பைபிளில் கெட்ட பெண்ணாகக் காட்டப்படும் அரசி யெசபேலின் பெயரை வைத்துச் சொல்விளையாட்டு செய்து பெண்களின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடும் அதன் வரிகள் இன்று கேட்கும்போது நெளிய வைக்கின்றன. புதிதாகத் திருந்தியவர்களின் கண்டிப்பு அதில் தெரிகிறது. அதே சமயம், இறுதிப் பகுதியில் வரும் '13த் ஃப்ளோர்/குரோயிங் ஓல்டு' என்ற நீண்ட பாட்டு எல்லாக் கணக்கையும் சரிசெய்துவிடுகிறது. அமெரிக்காவின் பல உயரக் கட்டடங்களில் சகுனத்துக்காகப் பதின்மூன்றாம் மாடி என்ற எண்ணையே விட்டுவிடுவார்கள். லிஃப்டில் அந்தப் பொத்தான் இருக்காது. 'எலிவேட்டர்ஸ்', அதாவது லிஃப்டுகள், என்று தொடங்கிய பயணம், இல்லாத ஒரு மாடியில் போய் நிற்கிறது. பியானோவும் பெண்குரலும் சேர்ந்த பின்னணியில் இருபத்தொரு வயது இளைஞர்கள் முதுமையைப் பற்றிப் பாடுகிறார்கள். கேட்க அபத்தமாக இருந்திருக்க வேண்டியது, ஏனோ இல்லை.

வரவேற்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பம் அமெரிக்க இசை விற்பனையை அளக்கும் பில்போர்டு தரவரிசையில் நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்தது. முதல் ஆல்பத்தின் உச்சம் இருபதாவது இடம்தான். 'பிளேயர்ஸ் பால்' அனைத்து வகைப் பாட்டுகளுக்கான தரவரிசையில் 37-ஆம் இடம்வரை போயிருந்தது. 'எலிவேட்டர்ஸ்' 12-ஆம் இடத்தை எட்டியது. காலப்போக்கில் ஆல்பத்துக்கு இருபது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் கிடைத்தது. மெதுவான, வெறுமையான, நடனத்துக்கு எளிதில் பிடிபடாத ஆல்பம் முந்தையதைவிட இரட்டிப்பாக விற்றது என்பது, இரண்டாவது ஆல்பத்தில் பாதுகாப்பாக ஆடச் சொல்லும் நிறுவனங்களின் வழக்கமான கணக்குக்கு ஒத்துவராத விஷயம். முதல் சிங்கிளாக 'எலிவேட்டர்ஸ்' பாட்டை அனுமதித்ததற்காக லஃபேஸுக்கும் ஒரு பாராட்டு வைக்கலாம்.

இந்த ஆல்பத்தில் பிரியத் தொடங்கிய இரு குரல்களும் அடுத்தடுத்து இன்னும் விலகின. 1998-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயரான 'அக்வெமினை' என்பதே பிக் பாயின் கும்ப ராசியையும் ஆந்த்ரேயின் மிதுன ராசியையும் ஒட்டுப்போட்ட சொல். 2003-இல் இருவரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் செய்து ஒரே உறையில் போட்டு வெளியிட்டார்கள். அது அடுத்த ஆண்டு கிராமியின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. வேறுபாட்டை மறைக்காமல் அதையே பாட்டின் கட்டுமானமாக வைப்பது என்ற முறையை அவர்கள் முதலில் சோதித்துப் பார்த்தது 1996-இல்தான்.

அந்த நியூயார்க் இரவின் ஒலிப்பதிவு கடைசியில் ஒரு ஆல்பத்தில் இடம்பெறத்தான் செய்தது. சூட்டோடு சூடாக 'ஏடிஎலியன்ஸ்' ஆல்பத்தின் முதல் தடமாகவே அதை வைத்திருக்கலாம், விற்பனைக்கும் உதவியிருக்கும். அப்படிச் செய்யாமல் மூன்று ஆண்டுகள் பொறுத்து, 'தி சோர்ஸ்' பத்திரிகையே ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்த 'அக்வெமினை'யின் கடைசிப் பாட்டான 'சாங்க்கிஃபையர்' முடிந்து ஓயும் இடத்தில் வைத்தார்கள். கிட்டார் ஒலி தேய்ந்து இழுபடுகிறது. விருது அறிவிப்பு வருகிறது. ஊளைச் சத்தம் வருகிறது. பிறகு இருபது வயது ஆந்த்ரேயின் குரல்.